முப்பத்தாறு காது

முபீனா லாத்தா ஆடுகளை எண்ணுவதில்லை, காதுகளை எண்ணுவாள். காலையில் கிடாக்கள் பட்டியை விட்டு வெளியே வரும்போது வாசலில் குறுக்கே நின்றுகொள்வாள். ஒவ்வொன்றின் இரண்டு காதுகளையும் அடியிலிருந்து நுனி வரை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் அதற்கு வழி விடுவாள். சாயங்காலம் உள்ளே ஓட்டும்போதும் இதே கதைதான். இந்த வருஷம் பதினெட்டுக் கிடா; முப்பத்தாறு காது.

லாத்தா என்றால் எங்கள் வீடுகளில் அக்கா. முபீனா என் பெரியம்மா மகள். பழவேற்காடு கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி கவரைப்பேட்டையிலிருந்து கிழக்கே உள்ளடங்கிய நாவல்மேட்டுக்கு வந்தவள். அவள் வளர்ப்பதெல்லாம் பக்ரீத் குர்பானிக்கான கிடாக்கள். ஷார்ஜா, மஸ்கட், மலேசியா என்று சிதறிக் கிடக்கும் எங்கள் ஊர்க் குடும்பங்கள் ஆறு மாதம் முன்னாலேயே அவளிடம் சொல்லி வைத்துவிடும். அறுக்கப்போகும் பிராணி முழுசாக இருக்கவேண்டும். கண்ணில் பூ, காலில் நொண்டல் கூடாது. காதிலிருந்து ஒரு துண்டு போயிருந்தாலும் எங்கள் பக்கத்து வழக்கப்படி அந்தக் கிடா ஆகாது. வெளியூரில் இருக்கிற யாரும் நேரில் வந்து பார்ப்பதில்லை. லாத்தா அனுப்பும் போட்டோதான் அவர்களுக்குக் கண். வலது காது ஒரு போட்டோ, இடது காது ஒரு போட்டோ. ஒன்பது வருஷத்தில் ஒரு கிடாகூடத் திரும்பி வந்ததில்லை.

அதற்கு முன்பு மூன்று வருஷம் அவள் கம்பெனி வேனில் போனவள். கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி. விடிகாலை ஐந்து மணிக்குத் தெருமுனையில் வேன் ஹாரன் அடிக்கும். நாள் முழுக்க நின்றுகொண்டே மஞ்சள் வயரையும் நீல வயரையும் சேர்த்து டேப் சுற்ற வேண்டும். வீட்டுக்கு வந்து படுத்தாலும் கட்டைவிரல் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பாள். நான்கு குட்டி வாங்கி ஒரு பெருநாளுக்கு வளர்த்துக் கொடுத்ததும் வேலையை விட்டாள். ஆனால் வேன் இன்னும் அதே தெருமுனைக்கு வருகிறது. ஆள் பிடிக்கும் காண்ட்ராக்டர் அன்புசெல்வன் பார்க்கும்போதெல்லாம், "இன்னாக்கா, சீட்டு ஒண்ணு காலியா கீது, வர்றியா?" என்று கேட்கிறான்.

இந்தப் பிப்ரவரியில் அந்தச் சீட்டு ரொம்பக் கிட்டே வந்துவிட்டது.

அதைச் சொல்ல, முதலில் இடத்தைச் சொல்லவேண்டும். லாத்தாவின் வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கால்வாய் ஒன்று ஓடுகிறது. ஓடுகிறது என்பது மழைக்காலத்துக்கு மட்டும். மற்ற மாதங்களில் அது வெறும் மண் பள்ளம், எட்டடி அகலம். கால்வாய்க்கு இந்தப் பக்கம் வீடும் கொஞ்சம் கொல்லையும். அந்தப் பக்கம் முக்கால் ஏக்கர் மேய்ச்சல் நிலமும் ஆட்டுப்பட்டியும். வீடு இருப்பது நாவல்மேடு ஊராட்சி. பட்டி இருப்பது புதுஓடை ஊராட்சி. ஊராட்சி மாறினால் ஒன்றியம் மாறுகிறது, தாலுகா மாறுகிறது, கரண்ட் ஆபீஸ் மாறுகிறது, மாட்டாஸ்பத்திரியும் மாறுகிறது. நடுவில் கிடக்கும் கால்வாய் இரண்டுக்கும் சொந்தமில்லை, அது பொதுப்பணி. கால்வாய் ஓரத்துத் தெருவிளக்கு எரிந்து இரண்டு வருஷமாகிறது. கம்பம் நாவல்மேட்டில், வெளிச்சம் விழுவது புதுஓடையில் என்பதால் பல்பு யார் மாட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

பட்டிக்கு அதுவரை வேலி என்று இருந்தது வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்ட அடைப்புதான். பக்கத்தில் ஒரு கம்பெனி கேன்டீன் கழிவைக் குழியில் கொட்ட ஆரம்பித்த பிறகு நாய்கள் பெருத்தன. குழியை மூடியதும் அவற்றுக்குப் பசி வந்தது. பிப்ரவரி முதல் வாரம், உச்சி வெயிலில், ஏழெட்டு நாய்கள் முள்ளைத் தாண்டி உள்ளே புகுந்தன. சத்தம் கேட்டு லாத்தா கால்வாயில் இறங்கி ஏறுவதற்குள் இரண்டு கிடா போயிற்று. இருபது பதினெட்டானது அப்படித்தான். மே கடைசியில் பக்ரீத். அதற்குள் வேலி வேண்டும். பதினெட்டும் முழுசாக நிற்கவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் யாரும் அவளிடம் சொல்லி வைக்கமாட்டார்கள்.

நான் வேலை பார்க்கும் ஷார்ஜாவில் செய்தி கேட்டதிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. எதையும் மூன்று முறை சரிபார்க்கிற சுபாவம் எனக்கு. இங்கிலீஷில் இருந்த வேலி வகைகளையெல்லாம் படித்து, தமிழில் எழுதி அவளுக்கு அனுப்பினேன். முடிவில் சோலார் வேலி என்று ஒன்றைப் பிடித்தேன். பேட்டரியில் ஓடும், தொட்டால் சுரீரென்று அடிக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. லாத்தா அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தாள். பிறகு எனக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"தம்பி, அந்த ஆளு பின்கோடு கேட்டான். ஊட்டு பின்கோடு சொன்னேன். சரி, வர்றோம்னான். வேலி கால்வாய்க்கு அந்தாண்டன்னு சொன்னேன். அய்யய்யோ, அது வேற டீலரும்மான்னான். அந்த டீலருக்குப் போட்டேன். பில்லு எந்த அட்ரஸுக்குன்னான். ஊட்டு அட்ரஸுன்னேன். அப்ப அது அவரு கஸ்டமரும்மான்னுட்டான். எட்டடி கால்வாய் தம்பி! என் ஆடு தாண்டுது, இவனுங்களால தாண்ட முடியலயே!"

மச்சான் சர்ஃபராஸ், அவள் கணவர், லோடு ஆட்டோ ஓட்டுகிறார். காக்களூர் தொழிற்பேட்டையில் பிரஸ் பட்டறைகளின் இரும்புக் கழிவை ஏற்றி இறக்குவது அவர் வேலை. வட்டம் வட்டமாக வில்லை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் ஓட்டைத் தகடுகளை ஒரு நடை கொண்டுவந்து வாசலில் போட்டார். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளுக்கு அதுதான் வேலி. லாத்தா ஒரு தகட்டின் ஓரத்தில் தன் துப்பட்டா முனையை வைத்து இழுத்தாள். துணி கத்தரித்ததுபோல் இரண்டாகியது.

"இத்த கட்டினா நாய் வேணாம், நாமளே அறுத்துடலாம்" என்றாள்.

கவரைப்பேட்டை ஹார்டுவேர் கடைக்குப் போகும்போது அவள் ஒரு நூல் கொண்டுபோனாள். இருப்பதிலேயே சின்னக் கிடாவின் காது அகலத்துக்கு ஒரு முடிச்சு, மூக்கு அகலத்துக்கு ஒரு முடிச்சு. கடைக்கார மணிகண்டன் நாலங்குலக் கண் வலையைக் காட்டினான். நூலை வைத்துப் பார்த்தாள், மூக்கு நுழைந்தது. மூக்கு நுழைந்தால் காது நுழையும். இரண்டங்குலக் கண் வலையைக் கேட்டாள்.

"அது ஆர்டர் குடுத்துதான் வரணும், பாயம்மா. மூணு வாரம் ஆகும். கோழிக்குக் கேட்டா புரியுது, ஆட்டுக்கு எதுக்கு இவ்ளோ சின்ன கண்ணு?"

"என் ஆட்டுக்குக் காது முக்கியம்."

"பாட்டு கேக்கப் போவுதா?"

ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தாள். ஆனால் நாய்கள் மூன்று வாரம் காத்திருக்குமா? பக்கத்து வயல்காரர் பரசுராமன் அண்ணன் அதைத்தான் கேட்டார். பூர்வீக நெல் நிலத்தைப் பிளாட் போடுகிறவர்களிடமிருந்து காப்பாற்ற முள்கம்பி இழுத்தவர் அவர். மிச்சம் நான்கு சுருள் இருந்தது. "வலை வர்றப்ப வரட்டும், நைனா. அதுவரைக்கும் இத்த இழு" என்று மச்சானிடம் சொல்லி, கல்தூணும் கொடுத்து, ஒரே நாளில் ஏழு வரிசை முள்கம்பி கட்டவைத்துவிட்டார். லாத்தாவுக்கு முள்கம்பி பிடிக்கவில்லை. நான்தான் போனில் வற்புறுத்தினேன். நாயா முள்ளா என்றால் முள்ளே மேல் என்று எனக்குத் தோன்றியது.

நாய்கள் வந்தன, கம்பியை முகர்ந்தன, போய்விட்டன. நோன்புப் பெருநாளுக்கு நான் விடுமுறையில் வந்தபோது எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரிந்தது. வலைதான் மூன்று வாரம் தாண்டியும் வரவில்லை.

நோன்புப் பெருநாள் முடிந்த நான்காம் நாள் காலை. நாஷ்டாவுக்கு உட்கார்ந்தோம். கால்வாய்க்கு அந்தப் பக்கமிருந்து லாத்தாவின் குரல் கேட்டது. கத்தவில்லை. "இன்னாங்க, கொஞ்சம் வாங்க" என்றாள். அவள் குரல் அப்படி இறங்கினால்தான் பயப்படவேண்டும் என்று மச்சானுக்குத் தெரியும். தட்டைத் தள்ளிவிட்டு ஓடினார்.

செவலைக் கிடா ஒன்று வேலிக்கு வெளியே நின்ற அகத்தித் தழைக்காகக் கம்பிகளுக்கு நடுவே தலையை நீட்டியிருக்கிறது. இழுக்கும்போது இடது காது முள்ளில் மாட்டிக் கிழிந்துவிட்டது. கீழ்ப்பாதி ஒரு தோல் இழையில் தொங்கியது. லாத்தா கிடாவை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கி, தொங்கிய துண்டை இரண்டு விரலால் மேலே பொருத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரத்தம் அவள் முழங்கை வரை வழிந்திருந்தது.

"இது யார் கிடா?" என்றேன்.

"மஸ்கட் பைசலோடது" என்றாள்.

பைசல் தன் குடும்பத்துக்கு ஆறு கிடா சொல்லி வைத்திருப்பவர். மற்றவர்களில் பாதிப்பேர் அவர் சொல்லி வந்தவர்கள். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து, "காதில் அது என்ன புள்ளி?" என்று கேட்கிற ஆள். அது ஒட்டிய புல்லாக இருக்கும்.

நான் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கிழிஞ்சிருந்தா ஒண்ணுமில்ல. சதை துண்டா விழுந்திருச்சுன்னாதான் ஆகாது. விழுந்திருச்சா?" என்றார்.

விழுந்திருக்கிறதா? தொங்குகிற துண்டு இருக்கிறது. ஆனால் அதன் ஓரத்திலிருந்து ஏதாவது பிய்ந்திருக்குமோ? மச்சானும் நானும் கம்பியை முள் முள்ளாகப் பார்க்க ஆரம்பித்தோம். நான் தரையில் மண்டியிட்டு, சருகை விலக்கிக்கொண்டிருந்தேன். வயலிலிருந்து வந்த பரசுராமன் அண்ணனும் கேட்காமலே எங்களோடு சேர்ந்துகொண்டு தேடினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டார்.

"பாய், இன்னா தேடுறோம்?"

"காது, அண்ணே."

அவர் நிமிர்ந்தார். "எவ்ளோ பெரிய காது?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் குனிந்தார்.

ஒரு முள்ளில் கொஞ்சம் முடியும் ரத்தமும் மட்டும் இருந்தது. சதை எதுவும் இல்லை. "எல்லாம் ஆட்டுலயே கீது" என்றார் மச்சான். ஆனால் அது அங்கேயே இருக்கவேண்டும் என்றால் யாராவது தைக்கவேண்டும். சாயங்காலத்துக்குள் தைக்காவிட்டால் துண்டு காய்ந்து தானாக உதிர்ந்துவிடும். பிறகு ஹஜ்ரத்திடம் கேட்க ஒன்றும் இருக்காது.

புதுஓடை மாட்டாஸ்பத்திரிக்கு மச்சான் போன் செய்தார். பட்டி அவர்கள் எல்லைதானே. எடுத்தவர் ஆட்டின் டேக் நம்பர் கேட்டார். டேக் இல்லை. ரேஷன் கார்டு எந்த ஊர் என்று கேட்டார். நாவல்மேடு. "அப்ப நாவல்மேட்டுல பாருங்க, பாய். இங்க ரிஜிஸ்டர்லயே இல்லாத ஆட்டுக்கு நான் இன்னான்னு எழுதுறது?" என்றார். அவர் சொன்னதிலும் கோணல் இல்லை.

டேக் இல்லாததற்குக் காரணம் லாத்தாவேதான். இரண்டு வருஷம் முன்பு ஊரில் இருந்த எல்லா ஆடுமாட்டுக்கும் காதில் மஞ்சள் டேக் போட்டுப் பெயர் பதிந்தார்கள். கால்வாய் வரை வந்த டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டு, "என் ஆட்டுக் காதைத் தொடாதீங்க" என்று திருப்பி அனுப்பியவள் அவள். காதில் ஓட்டை விழுந்தால் குர்பானிக்கு ஆகாது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. ஓட்டை விழாமல் காப்பாற்றியதில் அன்றிலிருந்து வருஷா வருஷம் அவள் கிடாக்கள் எந்த ஊர்க் கணக்கிலும் இல்லாமல் போயின.

அந்த டாக்டரம்மா காயத்ரி. நாவல்மேட்டில் இன்னும் அவர்தான் டாக்டர். லாத்தா ஒரு கையால் காதைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் என் போனை வாங்கிப் பேசினாள். ஸ்பீக்கரில் கேட்டது.

"யாரு, காது பாயம்மாவா?"

"ஆமாம்மா. அதே காதுதான். கிழிஞ்சு போச்சு."

"ஆடு இப்ப எங்க இருக்கு?"

"பட்டியில."

"பட்டி புதுஓடை, பாயம்மா. போன வருஷம் கால்வாயத் தாண்டி ஒரு மாட்டுக்கு ஊசி போட்டதுக்கு நான் ரெண்டு லெட்டர் எழுத வேண்டியதா போச்சு." பிறகு குரல் கொஞ்சம் தணிந்தது. "இந்தப் பக்கம் தூக்கிக்கினு வாங்க. உங்க ஊட்டு வாசல்ல ஆடு நின்னா அது நாவல்மேட்டு ஆடு. அரை மணியில வர்றேன்."

முப்பது கிலோ கிடா. மச்சான் பின்னங்கால்களையும் பரசுராமன் அண்ணன் முன்னங்கால்களையும் பிடித்துத் தூக்க, லாத்தா காதை விடாமல் கூடவே நடக்க, நான் முன்னால் போய்க் கால்வாய்ச் சரிவில் முள் இருக்கிறதா என்று பார்த்தேன். பள்ளத்தின் நடுவில் மூச்சு வாங்க ஒருமுறை நிறுத்தினார்கள்.

"இப்ப இது எந்த ஊரு ஆடு?" என்று கேட்டார் பரசுராமன் அண்ணன்.

"இப்ப இது பொதுப்பணி" என்றார் மச்சான். லாத்தாகூடச் சிரித்துவிட்டாள்.

டாக்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, காதைப் பார்த்து, மரப்பு ஊசி போட்டு, வாசல் படியில் உட்கார்ந்தபடியே தைத்தார். ஒன்பது தையல். கை கழுவும்போதுதான் ஆரம்பித்தார்.

"ஒரு சின்ன ஓட்டைக்குப் பயந்தீங்க. இப்ப பாருங்க, ஒன்பது ஓட்டை."

லாத்தா தலைகுனிந்து நின்றாள். நான் மறுபடி ஹஜ்ரத்துக்குப் போன் செய்து, டேக் போட்டால் குர்பானிக்கு ஆகுமா என்று கேட்டேன். எனக்கே அது அதுவரை கேட்கத் தோன்றவில்லை. டாக்டர் குறுக்கே, "கருவி குத்துமே தவிர சதைய வெட்டி எடுக்காதுன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஹஜ்ரத் சிரித்தார். "துளையால ஒரு குத்தமும் இல்ல. யாரு ஆகாதுன்னது?"

யாரும் சொல்லவில்லை. லாத்தாவே நினைத்துக்கொண்டது.

"அப்ப பதினெட்டுக்கும் போட்டுடுங்கம்மா" என்றாள்.

"போடலாம். ஆனா எந்த ஊருன்னு எழுதுறது? ராத்திரி ஆடு எங்க படுக்குதோ அதுதான் அதோட ஊரு. பட்டி அந்தாண்ட இருந்தா நான் போட முடியாது. அவங்களும் நல்லவங்கதான். ஆனா புதுஓடையிலேர்ந்து அவங்க சுத்திக்கினு வர ஒன்பது கிலோமீட்டர். நான் வர்றது ரெண்டு. நீங்க முடிவு பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

லாத்தா அன்று முழுக்கக் கால்வாய்க் கரையில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தாள். மறுநாள் காலை சுண்ணாம்புப் பொடியை எடுத்து, வீட்டுப்பக்கக் கொல்லையில் ஒரு கோடு போட்டாள்.

"படுக்குறது இங்க. மேயுறது அங்க" என்றாள்.

"அப்ப நடுவுல இருக்குற கால்வாய்? அதையும் சேத்து வளைச்சிடலாமே" என்றேன். பள்ளம் திறந்து கிடப்பதுதான் எனக்குப் பயம்.

"கால்வாய அடைக்கக் கூடாது தம்பி. அடைச்சா பொதுப்பணிக்காரன் வருவான். அவன் ஒருத்தன்தான் இதுவரைக்கும் வரல, அவனையும் எதுக்குக் கூப்புடணும்? இந்தப் பக்கம் ஒரு கேட்டு, அந்தப் பக்கம் ஒரு கேட்டு. எதிரெதிரா. நான் நடுவுல நிப்பேன்."

வலை அந்த வாரமே காக்களூர்ப் பட்டறையில் தயாராகிவிட்டது என்று மணிகண்டன் சொன்னான். மச்சானே தன் ஆட்டோவில் போய் ஏற்றிவந்தார். இரண்டங்குலக் கண். இரண்டு அடைப்பையும் வலையாலேயே சுற்றினார்கள். முள்கம்பியைக் கழற்றிவிடச் சொன்னேன். லாத்தா யோசித்துவிட்டு வேண்டாமென்றாள். வலைக்கு வெளியே ஒரு கை நீளம் தள்ளி, தனிக் கல்தூண்களில் அதை மறுபடி இழுக்கவைத்தாள். நாய்க்கு முதலில் முள். அதைத் தாண்டினால் வலை. ஆட்டுக்கு வலை மட்டும்தான், முள் எட்டாது. வாசலில் துருப்பிடித்துக் கிடந்த ஓட்டைத் தகடுகளை மச்சான் ஒருநாள் தானாகவே எடுத்து, வலையின் அடியில் பள்ளம் தோண்டி அரையடி ஆழத்தில் புதைத்தார். நாய் மண்ணைத் தோண்டினால் தகட்டில் கால் படும். "இப்ப சொல்லு, வேஸ்டா கொண்டாந்தேன்?" என்று கேட்டார். அன்று மீன் குழம்பில் தலை அவருக்குப் போயிற்று.

டாக்டர் வந்து பதினெட்டுக்கும் டேக் போட்டார். செவலைக்கு வலது காதில். விலாசம், நாவல்மேடு.

பைசலுக்குச் சொல்வது பாக்கி. நான் ஷார்ஜா திரும்ப இரண்டு நாள் இருந்தது. செவலையின் காது ஒட்டிவிட்டது. ஒரு கோணத்தில் எடுத்தால் தழும்பு தெரியாது. அப்படி ஒரு போட்டோவை நான் எடுத்தே காட்டினேன். லாத்தா அதைப் பார்த்தாள்.

"நல்லா கீது" என்றாள். பிறகு போனை வாங்கி, தையல் வரிசை முழுசாகத் தெரிகிறமாதிரி வெயிலில் காதை விரித்துப் பிடித்து எடுத்தாள். கிழிந்த கதை, ஹஜ்ரத் சொன்னது, டேக் எல்லாவற்றையும் ஒரு வாய்ஸ் மெசேஜில் சொல்லி, பைசலுக்கு மட்டுமல்ல, சொல்லி வைத்திருந்த எல்லோருக்கும் அனுப்பினாள்.

"எல்லாருக்கும் எதுக்கு லாத்தா? அவருக்கு மட்டும் சொன்னா போதாதா?"

"அவங்களுக்கு என் கண்ணுதானே தம்பி. ஒரு காதை மறைச்சா மத்த முப்பத்தஞ்சையும் எவன் நம்புவான்?"

இரண்டு நாளும் போன் மணி அடிக்கும்போதெல்லாம் நான் எழுந்து உட்கார்ந்தேன். அவள் வழக்கம்போலத் தழை வெட்டினாள். புறப்படும் அன்று காலை பைசல் கூப்பிட்டார்.

"முபீனா, ஹஜ்ரத் சொன்னா சரிதான். எனக்கும் தெரியும். ஆனா அந்தக் காதைப் பாத்துட்டேன், மனசு ஒப்ப மாட்டேங்குது. அத்த மட்டும் மாத்திக் குடு. மத்த அஞ்சும் அப்படியே இருக்கட்டும்." போனை வைக்கப்போனவர் மறுபடி பேசினார். "சொன்னியே, அது போதும்மா. அடுத்த வருஷத்துக்கு எட்டா எழுதிக்கோ."

மாற்றிக் கொடுக்க உபரிக் கிடா எதுவும் இல்லை. இருந்த இரண்டையும் பிப்ரவரியிலேயே நாய்கள் தின்றுவிட்டன. லாத்தா என்னைக் கேட்கவில்லை. என் கிடா, உம்மாவின் பெயரில் சொல்லி வைத்த கறுப்பு, தொட்டியருகே நின்றுகொண்டிருந்தது. ஹஜ்ரத்திடம் மூன்றாம் முறையும் கேட்டு உறுதிசெய்துகொண்டு, "பைசலுக்கு என்னோடத குடு. செவலை எனக்கு" என்றேன்.

"உனக்கு மனசு ஒப்புதா? ராத்திரி ராத்திரி எழுந்து போன் போடுவியே."

"தையல் போட்டப்ப நான் பக்கத்துல இருந்தேனே."

"சரி" என்றாள், அவ்வளவுதான்.

இப்போது நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். பக்ரீதுக்கு இன்னும் ஒன்பது நாள். தெருவிளக்கு இன்னும் எரியவில்லை என்று மச்சான் சொன்னார். இரண்டு ஊராட்சிக்கும் மனு கொடுத்திருக்கிறாராம், இரண்டு ரசீதும் பத்திரமாக இருக்கிறதாம். இன்று நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் லாத்தாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. விடியற்காலை நாய்கள் வந்திருக்கின்றன. காய்ந்த கால்வாய் வழியாகவே வந்து, வீட்டுப்பக்க அடைப்பைச் சுற்றியிருக்கின்றன. முள்கம்பியைத் தாண்டிய ஒன்று வலையடியில் தோண்டிப் பார்த்துவிட்டு, காலை நக்கிக்கொண்டு போயிருக்கிறது. அப்போது தெருமுனையில் வேன் ஹாரன் அடித்திருக்கிறது. நாய்ச் சத்தம் கேட்டு அன்புசெல்வன் இறங்கி வந்து வேலிக்கு வெளியே நின்றானாம்.

"இன்னாக்கா, ஆடு எல்லாம் கீதா? இல்ல சீட்டு ரெடி பண்ணட்டுமா?"

"இரு, எண்ணிட்டுச் சொல்றேன்."

கேட்டைத் திறந்து, கால்வாய்ப் பள்ளத்தில் நின்று, ஒவ்வொன்றாகத் தடவி அந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறாள். மெசேஜில் அவள் எண்ணும் சத்தமும் பதிவாகியிருந்தது. நடுவில் வேன் இன்னொரு முறை ஹாரன் அடித்தது. பிறகு கிளம்பிப் போகும் சத்தம். அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை.

"முப்பத்தஞ்சு... இந்தா, நில்லுடா செவல... முப்பத்தாறு. தம்பி, கேட்டியா? எல்லாம் கீது. உன்னோடதுல தையல் போட்ட எடத்துல முடி மொளச்சாச்சு."